புதிய நீதிபதிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி: எதைக் கற்பிக்கப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தபோது, ஏடுகளிலும் வழக்கறிஞர் சங்க அறைகளிலும் அந்த மூன்றாண்டைப் பற்றியே பேச்சாக இருந்தது. 2002-இல் கைவிடப்பட்ட நிபந்தனை திரும்ப வந்தது சரியா, சட்டக் கல்லூரியிலிருந்து நேரே தேர்வெழுத நினைக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது தடையாகாதா என்ற வாதங்களில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அதே தீர்ப்பில் இருந்த மற்றொரு கட்டளையை எவரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்கு விசாரிப்பதற்கு முன் குறைந்தது ஓராண்டு பயிற்சி பெற்றாக வேண்டும் என்பதே அது. அந்த ஓராண்டில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது குறித்து, வடசென்னையில் குடியிருந்து ஜார்ஜ் டவுன், திருவொற்றியூர், பொன்னேரி நீதிமன்றங்களில் சட்ட உதவி வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இதைப் பற்றி யோசிக்க எனக்குப் பெரிதும் உதவியவை அமெரிக்கப் பழங்குடியினரின் நீதிமன்றங்கள். அந்நாட்டில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடி இனங்கள் 570-க்கும் அதிகம். அவற்றுள் பல, தங்கள் நிலப்பகுதிக்குள் தங்கள் சட்டப்படி விசாரிக்கும் சொந்த நீதிமன்றங்களை வைத்திருக்கின்றன. அந்த வரலாறு இனிமையானதன்று. 1883-இல் அமெரிக்க உள்துறை பழங்குடிகளுக்கென்று முதலில் அமைத்த நீதிமன்றங்களின் நோக்கமே அவர்களுடைய சடங்குகளையும் வழக்கங்களையும் ஒடுக்குவதுதான். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான் பல இனங்கள் தங்களுக்கென்று அரசியல் சட்டமும் நீதிமன்றமும் அமைத்துக்கொள்ளத் தொடங்கின. நவஹோ இனத்தார் தங்கள் நீதிமன்றங்களை 1959-இல் நிறுவினர். இத்தகைய நீதிமன்றங்கள் பலவற்றில் நீதிபதியாக அமர்பவர் சட்டம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொழியும் வழக்கமும் அறிந்தவர், ஊரார் மதிப்பவர் என்பதற்காக இனத்தின் மன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. நேற்றுவரை ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்தவர் இன்று அங்கி அணிந்து அமர்கிறார்.

அப்படி அமர்பவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், 1963-இல் தொடங்கப்பட்ட தேசிய நீதித்துறைக் கல்லூரி இருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து நீதிபதிகள் வந்து படிக்கும் அந்த இடத்தில் பழங்குடி நீதிபதிகளுக்கென்றே ஒரு தனி மையம் உண்டு. புதிதாகப் பதவியேற்ற பழங்குடி நீதிபதிகளுக்கு நீதிமன்றத்தை நடத்துவதற்கான அடிப்படைத் திறன்களை அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். என்னை ஈர்த்தது இந்த ஏற்பாட்டின் தர்க்கம். எதிரே இருப்பவர் சட்டப் பட்டம் பெற்றவர் என்று வைத்துக்கொள்ள முடியாததால், எதையும் 'இது தெரிந்திருக்கும்' என்று தாண்டிச் செல்ல அவர்களுக்கு வழியில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடம் அவருடைய உரிமையை எந்தச் சொற்களில் சொல்வது, சொன்னது விளங்கிற்றா என்று எப்படி உறுதி செய்வது, வழக்கறிஞர் இல்லாமல் நிற்பவரை அவர் பக்கம் சாய்ந்துவிடாமல் எப்படி வழிநடத்துவது, எதிரே நிற்பவர் தன் சித்தப்பா மகனாக இருந்தால் என்ன செய்வது, கோபம் வந்தால் என்ன செய்வது, முடிவை எப்படி எழுதுவது, எப்படி வாசிப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பேசியாக வேண்டும். சட்டப் படிப்பிலிருந்து பிரித்து, நீதிபதியின் வேலையை ஒரு கைத்தொழிலைப் போலக் கற்பிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்தது. நமக்கு அந்தக் கட்டாயம் வரவே இல்லை. பட்டமும் தேர்வு மதிப்பெண்ணும் இருந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அங்கே இதற்கு ஓர் அவசரக் காரணமும் இருந்தது. 1968-ஆம் ஆண்டு இந்தியர் குடிமை உரிமைச் சட்டம் (இங்கே 'இந்தியர்' என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும்), பழங்குடி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது. ஆனால் 'தன் சொந்தச் செலவில்' என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. கையில் காசில்லாதவருக்கு நீதிபதியின் நிதானமே காவல் என்ற நிலை. 2010-இல் வந்த சட்டம், ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கும் அதிகாரத்தைப் பழங்குடி நீதிமன்றங்களுக்கு வழங்கியபோது, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க விரும்பினால் ஏழைக்கு இனத்தின் செலவிலேயே வழக்கறிஞர் தர வேண்டும், நீதிபதி சட்டப் பயிற்சியும் உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும், விசாரணை முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) விதிக்கக்கூடிய சிறைத் தண்டனையும் மூன்று ஆண்டுகள்தான். உரிமையியல் நீதிபதியாகத் தேர்வாகி, இளம் வயதிலேயே நடுவராகவும் அமரும் ஒருவருக்கு அந்த அதிகாரம் முதல் நாள் காலையிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். புழல் மத்திய சிறை வடசென்னையில் இருப்பதால், ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவல், என்ற சொல் எங்கள் பகுதியில் டீக்கடை வரை பழக்கமானது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. அந்தச் சில நிமிடங்கள் எப்படி நடக்கின்றன என்பதில்தான் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். காவலர் தோளை ஒட்டி நிற்கும்போது, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "போலீஸ் அடிச்சாங்களா? வக்கீல் இருக்காரா?" என்று ஒரே மூச்சில் கேட்டால், "இல்லீங்கய்யா" என்ற ஒரே பதில் இரண்டு கேள்விக்குமாக வரும், இரண்டும் அப்படியே பதிவாகும். தொழில் தெரிந்த நடுவர் முதலில் காவலரைக் கதவுக்கு வெளியே போகச் சொல்வார். பெயரையும் ஊரையும் கேட்டு ஆளைப் பேச வைப்பார். எப்போது அழைத்துச் சென்றார்கள், வீட்டில் யாருக்குத் தெரியும், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் காயம் பற்றிய கேள்வி வரும். கேட்கும்போது சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லவும் தயங்கமாட்டார். இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. இதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லித் தராது. மூத்தவர் செய்யப் பார்த்து, தானும் செய்து, தவறிய இடத்தைப் பிறர் சுட்டக் கேட்டுத்தான் பழக முடியும்.

இலவச சட்ட உதவி உண்டு என்று நீதிபதி தாமாகவே சொல்ல வேண்டும் என்பதும் புதிய கோரிக்கை இல்லை. அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில், வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1986-இல் ரத்து செய்தது. அவர் கேட்கவில்லையே என்ற வாதத்தை நீதிபதி பகவதி ஏற்கவில்லை. கேட்கலாம் என்றே அறியாதவர் எப்படிக் கேட்பார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பட்டியல் பழங்குடியினர் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரியவர். திருவள்ளூர் மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வாழும் இருளர் மக்களுக்கு இந்த உரிமை பற்றி முதலில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நடுவர்தான். தமிழ்நாட்டில் 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள்' என்று அறிவிக்கப்பட்ட ஆறு இனங்களில் இருளரும் ஒருவர். மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும் சிறுபான்மை என்பதால், ஒரு நடுவர் தம் பணிக்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்களைச் சந்திக்காமலே கூட இருக்கலாம். பொன்னேரிக்கு மாற்றலாகி வரும் நாளில்தான் முதல் சந்திப்பு நிகழும். அதிகாரி முன் எதற்கும் தலையசைத்துவிடும் பழக்கம் கொத்தடிமை வேலையில் காலங்காலமாக ஊறிப்போன ஒன்று என்று தெரியாதவர், அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிவிடுவார்.

நவஹோ சட்டம் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. நீதிபதியாக வருபவர் நவஹோ மொழியும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவராகவும் அம்மக்களின் பண்பாட்டை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். நியமனம் நிலைப்படுவதற்கு முன் இரண்டாண்டு தகுதிகாண் காலமும் உண்டு. நம் ஊரில் ஜவ்வாது மலையிலிருந்து மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் 2024-இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம்; மகிழ வேண்டியதுதான். ஆனால் மலையிலிருந்து வந்த ஒருவர் மலை மக்களின் மொழியைப் புரிந்துகொள்வார் என்று சொல்லி மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. நகரத்தில் பிறந்தவருக்கும் அந்தக் காது வேண்டும், அதைப் பயிற்சியில்தான் வளர்க்க முடியும்.

சாட்சியம் பதிவு செய்வதில் நடக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெட்டுக் குத்து வழக்கொன்றில் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கும் தொழிலாளி ஒருவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு, "இங்கேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் இருக்கும்மா" என்று கையை நீட்டுகிறார். தட்டச்சர் அதை அப்படியே அடிக்கிறார். அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இரண்டாண்டு கழித்து மேல்முறையீட்டில் அந்தத் தாளைப் படிக்கும் நீதிபதிக்கு எந்தக் கதவு, எத்தனை அடி என்று எப்படித் தெரியும்? "சாட்சி தாம் நிற்கும் இடத்திலிருந்து நீதிமன்ற வாசற்கதவைக் காட்டுகிறார், ஏறத்தாழ இருபது அடி" என்று நீதிபதி வாய்விட்டுச் சொல்லி, இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் பதிந்திருந்தால், அந்தக் கை நீட்டல் சாட்சியமாகியிருக்கும். பதிவு செய்யாத சைகை வழக்கிலிருந்து மறைந்துபோகிறது. கை காட்டுவதும் கண்ணீர் விடுவதும் பதில் சொல்லாமல் நிற்பதும் ஏழைகளின் சாட்சியத்தில் பாதி என்பதால், இதனால் நட்டப்படுபவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, உத்தரவை அறிவிக்கும் முறை. மின்விசிறியின் இரைச்சலுக்கும் கட்டுக்கட்டாகக் கோப்பைப் புரட்டும் சத்தத்துக்கும் இடையே, மேடையில் சொல்வது மூன்றாவது வரிசைக்குக் கேட்பதில்லை. மைக் இருக்கிறது, அது இயங்குமா என்பது தனி வழக்கு. ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு பெண்ணின் மனுவில் உத்தரவு வாசிக்கப்பட்டதை அண்மையில் பார்த்தேன். எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்று குறிப்பிட விரும்பவில்லை. 'மனு ஓரளவு அனுமதிக்கப்படுகிறது' என்ற வாசகம் முடிந்த அடுத்த நொடியே அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்த அந்தப் பெண், வாசலில் நிற்கும் நீதிமன்ற ஊழியரான டவாலியிடம் கேட்டார்: "என்னண்ணா சொன்னாங்க, கிடைச்சுதா இல்லையா?" அவரும் பொறுமையாக, மாதம் எவ்வளவு, எப்போதிலிருந்து, நகல் எங்கே வாங்குவது என்று சொன்னார். அவருடைய நல்ல மனத்தைப் பாராட்டலாம். நீதிமன்றம் தன் உத்தரவை விளக்கும் பொறுப்பை வாசலில் நிற்பவரிடம் விட்டிருக்கிறது என்பதும் உண்மை. சார்நிலை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமிருந்தும், மேடையிலிருந்து வரும் தமிழ் பல நேரங்களில் அரசாணைத் தமிழாக இருக்கிறது. உத்தரவை எழுதிய பிறகு, அதையே அந்த மனுதாரருக்கு மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகுவதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். எனக்குத் தெரிந்து தேர்வுக்குப் படிப்பதில் இது எங்கும் வருவதில்லை.

பிணை (ஜாமீன்) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்ட நடுவர், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் சொத்து வைத்திருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிணையாளராக ஏற்க மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதிய தீர்ப்பை நாங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்தோம். இருந்தும் இன்றுவரை எங்கள் பகுதியில், உள்ளூர் பிணையாளர் இருவர், சொத்து வரி ரசீது, குடும்ப அட்டை என்று கேட்டுப் பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் புழலில் இருக்கிறார்கள். பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணையாளர் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தாமாகப் பரிசீலிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று வழிகாட்டியிருக்கிறது. தீர்ப்பைத் தெரிந்திருப்பது ஒன்று, எதிரே நிற்பவர் வாடகை வீட்டில்கூட இல்லாமல் சூளையோரக் குடிசையில் இருப்பவர் என்பதைக் கேட்டறிந்து அதற்கேற்ப நிபந்தனை எழுதுவது மற்றொன்று.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: பட்டம் பெறாத ஊர்ப் பெரியவர்களுக்கு அமெரிக்காவில் நடத்தும் வகுப்பிலிருந்து, போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று வரும் நம் நீதிபதிகள் எதைக் கற்க வேண்டும்? வழக்கறிஞராகப் பழகிய மூன்றாண்டு போதாதா? போதாது என்பதே என் அனுபவம். வழக்கறிஞர் மேடையின் கீழிருந்து ஒரு தரப்புக்காகப் பேசக் கற்கிறார். கேட்டுக்கொண்டே எழுதுவதும், எழுதிக்கொண்டே அறையைக் கட்டுக்குள் வைப்பதும், இரு தரப்பையும் அவமதிக்காமல் நிறுத்துவதும் மேடை ஏறிய பிறகே தெரியவரும் வேலைகள். அதைவிட, மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் வாய்தா வாங்கும் கலையை மட்டும் மூன்றாண்டு பழகியவர்களையும் நான் அறிவேன்.

பழங்குடி நீதிமன்றம் என்றதும் காசிமேடு, எண்ணூர் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டு, அதற்கும் அதிகாரம் தரலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கடலில் வலைத் தகராறு, கடன் தகராறு ஆகியவற்றை ஒரே இரவில் தீர்த்துவைக்கும் அதன் திறனை நான் மதிக்கிறேன். பெண்கள் அமராத, ஊர்விலக்கம் செய்யத் தயங்காத சபைக்கு அரசு முத்திரை தருவதை ஏற்க மாட்டேன். 1982-இல் நவஹோ நீதிமன்றங்கள் தங்கள் மரபுவழிச் சமரச முறையைச் சட்ட அமைப்புக்குள் கொண்டுவந்தபோது, முறையான நீதிமன்றம் ஒன்று மேலே இருந்தது. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப்படி வடகிழக்கின் மாவட்ட மன்றங்களுக்குக் கிராம நீதிமன்றங்கள் அமைக்கும் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. என் கடிதம் புதிய நீதிமன்றங்களைக் கேட்கவில்லை, இருக்கும் நீதிமன்றத்தில் அமரப்போகிறவரைப் பற்றியது.

மாநில நீதித்துறைப் பயிற்சி நிறுவனம் சென்னையிலும் அதன் மண்டல மையங்கள் கோவை, மதுரையிலும் இயங்கிவருகின்றன. ஓராண்டுப் பயிற்சிக்கான திட்டம் வகுக்கும்போது மூன்று செயல்களை அங்கே கவனிக்க வேண்டுகிறேன். பயிற்சி பெறுபவர் ஒவ்வொருவரும் மாதிரி விசாரணை ஒன்றை நடத்த, அதைப் படம்பிடித்து அவரிடமே போட்டுக்காட்ட வேண்டும். தன் முகம் எப்போது சுளித்தது, எந்த இடத்தில் குறுக்கே பேசினோம் என்பதைத் தன் கண்ணால் பார்ப்பதற்கு இணையான ஆசிரியர் இல்லை. அடுத்து, பயிற்சிக் காலத்தின் கணிசமான பகுதி நீதிமன்றத்துக்குள்ளேயே கழிய வேண்டும். மேடையில் நீதிபதிக்குப் பக்கத்தில் சில வாரங்கள், பெஞ்ச் கிளார்க்கின் மேசையில் சில நாள்கள், அங்கி இல்லாமல் கட்சிக்காரர்களோடு பின் வரிசையில் சில நாள்கள் என்று அது அமையலாம். காலை பத்தரைக்கு வந்து மாலை வரை காத்திருந்து, தன் பெயரைக் கூப்பிட்டது காதில் விழாமல் வழக்கு தள்ளுபடியாகும் அனுபவம் என்னவென்பதைப் பின் வரிசையில்தான் அறிய முடியும். மூன்றாவதாக, பொறுப்பேற்று ஓராண்டு ஆனதும் மீண்டும் ஒரு வாரம் அழைக்க வேண்டும். நீதிமன்றம் நடத்தியே பார்க்காதவருக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதே தெரியாது. ஓராண்டு பட்டவர் கொண்டுவரும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும்.

பாடம் நடத்துபவர்கள் பட்டியலிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதிகளும் பேராசிரியர்களும் வரட்டும். அவர்களோடு, எந்தக் கட்சிக்காரர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் மூத்த பெஞ்ச் கிளார்க் ஒருவரையும், வக்கீல் குமாஸ்தா ஒருவரையும், கொத்தடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன இருளர் ஒருவரையும் உரிய மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். கூண்டில் நின்றபோது என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று அவர் பேசும்போது பயிற்சி நீதிபதிகள் குறிப்பெடுக்கட்டும். இருளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவதற்கு, சென்னையிலிருந்து பொன்னேரிக்குப் புறநகர் ரயிலே இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமில்லை, தேங்கிய வழக்குகள் மலையாகக் குவிந்திருக்கின்றன என்ற பதில் வரும் என்று தெரியும். விளங்காத உத்தரவினால் மறுபடி மனு போடுகிறவர்களும், சரியாகப் பதியாத சாட்சியத்தால் மறுவிசாரணைக்குத் திரும்பும் வழக்குகளும், பிணையாளர் கிடைக்காததால் திரும்பத் திரும்பக் கோப்பில் ஏறும் மனுக்களும் அந்தக் குவியலில் இருக்கின்றன என்பதைப் பதிவேட்டைப் புரட்டினாலே காணலாம். பயிற்சித் திட்டம் இறுதி செய்யப்படும் முன், உயர் நீதிமன்றம் அதன் வரைவை வெளியிட்டு, வட்ட அளவிலான வழக்கறிஞர் சங்கங்களிடமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களிடமும் பழங்குடி அமைப்புகளிடமும் எழுத்து மூலம் கருத்துக் கேட்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கோருகிறேன்.

இப்படிக்கு,
சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.